சீப்புப் பலகையின் கடைசி வரி

வருடத்தில் இரண்டு நாள் அந்தப் பள்ளிக்கூடத்து ஓவிய அறை ஆஸ்பத்திரியாகிவிடும். சாயக்கறை படிந்த மேசைகளை ஓரமாகத் தள்ளி, ஒன்றை மட்டும் நடுவில் போட்டு வெள்ளைத் துணி விரிப்பார்கள். சன்னலோரம் டாக்டரின் நாற்காலி. பக்கத்தில் எடை பார்க்கும் எந்திரம். சுவரில் உயரம் அளக்கும் பட்டை. எதிர்ச்சுவரில், இருபது அடி தள்ளி, கண் பலகை.

வேலையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். தொண்டை, காது, பல், நெஞ்சு, தோல் இவை டாக்டருக்கு. தலை, எடை, உயரம், கண் இவை நர்ஸுக்கு. டாக்டர் பார்ப்பதை வாயால் சொல்லிக்கொண்டே போவார். நர்ஸ் அந்தந்தப் பிள்ளையின் அட்டையில் அந்தந்தக் கட்டத்தில் எழுதுவாள். சொத்தைப் பல் மூன்று, டான்சில் வீக்கம், விரல் இடுக்கில் சிரங்கு, கீழிமை வெளுப்பு, பூச்சி மருந்து கொடுக்கவும், கன்னத்தில் தேமல். ஒரு பையனின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு குறும்பி இருந்தால் வாத்தியார் சொல்வது எப்படி உள்ளே போகும், பாவம் அவர் மேல் தப்பில்லை என்றார் டாக்டர். வகுப்பு ஆசிரியை சிரித்தாள். பையனுக்குக் கேட்கவில்லை.

பதினான்கு வருடமாக நர்ஸுக்கு இதுதான் பிழைப்பு. இரண்டு ஐஸ் குச்சிகளால் முடியை வகிர்ந்து, ஒரு பார்வையில் ஈரா பொடுகா என்று சொல்லிவிடுவாள். சட்டையைக் கழற்றும்போதே விலா எலும்பை எண்ணிவிடுவாள். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் பெருமை தந்த சங்கதி வேறு. அது அவளே கண்டுபிடித்த ஓர் ஏற்பாடு.

முன்பெல்லாம் கண் பார்க்கும்போது பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஒருவன் வருவதும், செருப்பைக் கழற்றுவதும், கோட்டில் நிற்பதும், போவதும் என்று பாதி நேரம் நடையிலேயே கழிந்துவிடும். மூன்று வருடத்துக்கு முன் அவள் ஒரு யோசனை செய்தாள். வகுப்பு முழுவதும் உள்ளேயே சுவரோரம் வரிசையில் நிற்கட்டும். முதல் பிள்ளை பலகையைப் படிக்கும்போது இரண்டாவது பிள்ளை எடையில் ஏறட்டும். மூன்றாவது பிள்ளை செருப்பைக் கழற்றட்டும். நான்கு நாள் வேலை இரண்டு நாளில் முடிந்தது. மேலதிகாரி பாராட்டிக் கடிதம் போட்டார். மற்றப் பள்ளிகளும் இப்படியே செய்யலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்தக் கடிதத்தை அவள் அலமாரியில் புடவை மடிப்புக்குள் வைத்திருந்தாள்.

பலகை விஷயம் ஒன்று உண்டு. எழுத்துத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காக, மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி ஒரே குறியைப் பல வாட்டத்தில் அச்சடித்திருப்பார்கள். பல் மேலே பார்க்கிறதா, கீழேயா, வலமா, இடமா என்று பிள்ளை சொல்ல வேண்டும். மேல் வரியில் ஒரே ஒரு பெரிய சீப்பு. வரி இறங்க இறங்கச் சீப்பு சிறுத்து, கடைசி வரியில் பொடிப்பொடியாக ஐந்து. அந்த ஐந்தையும் சரியாகச் சொன்னால் ஆறுக்கு ஆறு, பார்வையில் பழுதில்லை. வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு பலகை இருக்க வேண்டியது முறை. இரண்டாவது பலகை மழையில் நனைந்து ஊறிப்போய்விட்டது. வேறு கேட்டு எழுதினாள், வரவில்லை. ஒன்றை வைத்தே இரண்டு கண்ணையும் பார்த்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் அவளுடைய அண்ணன் மகளும் படித்தாள். வீட்டில் அவளுக்குக் கிளி என்று பெயர். எதைப் பார்த்தாலும் தலையை ஒருக்களித்துக்கொண்டு, வலது கண்ணை முன்னால் விட்டுப் பார்ப்பாள். அப்பன்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டான். பிறகு எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. கணவன் போன பிறகு நர்ஸ் எட்டு வருடமாக அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் கை அவளுடையது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அவள்தான். அண்ணி கேலியாக அவளை டாக்டரம்மா என்பாள். கேலியில் பாதி நிஜமான மரியாதை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அண்ணி ஒரு நாள் கேட்டாள். இந்தப் பெண் ஏன் கழுத்தை வெட்டி வெட்டிப் பார்க்கிறாள், தண்ணீர் ஊற்றினால் பாதி டம்ளருக்கு வெளியில் போகிறதே, கண்ணில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று. நர்ஸ் சிரித்தாள். "நானே பாத்தேன் அண்ணி. ரெண்டு கண்ணும் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொன்னா. இது வெறும் பழக்கம். இப்பவே கண்டிச்சு வைங்க, இல்லேன்னா கழுத்து கோணிக்கும்" என்றாள்.

அண்ணி சொன்னதைச் செய்கிறவள். அன்றிலிருந்து கிளி தலையைச் சாய்க்கும்போதெல்லாம் மண்டையில் ஒரு குட்டு. தண்ணீர் சிந்தினால் முதுகில் ஒன்று. கவனம் எங்கே மேயப் போச்சு என்ற அர்ச்சனை அன்றாடம். நர்ஸே எத்தனையோ தடவை இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்து நேராக நிமிர்த்தி வைத்திருக்கிறாள், கோணலாகத் தொங்கும் படத்தைச் சரிசெய்வது போல.

அன்று முதல் நாள் பரிசோதனை. மூன்றாம் வகுப்பு முடிந்து இடைவேளை விட்டார்கள். நர்ஸ் கை கழுவக் குழாயடிக்குப் போனாள். பக்கத்து மரத்தடியில் இரண்டாம் வகுப்புச் சிறுமிகள் இருவர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கை தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டின் தாளம் நன்றாக இருந்ததால் அவள் கையில் சோப்பு நுரையோடு நின்று கேட்டாள்.

"மேல, வலது, கீழ கீழ, இடது. மேல, வலது, கீழ கீழ, இடது."

முதலில் சிரிப்புத்தான் வந்தது. நுரையைக் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. மேல், வலது, கீழ், கீழ், இடது. பலகையின் கடைசி வரி. பதினான்கு வருடம் பார்த்த வரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அவள் மட்டுமில்லை, இந்தப் பிள்ளைகளும் சொல்லும்போல் இருக்கிறது.

ஈரக்கையோடு போய் அவர்கள் பக்கத்தில் குந்தினாள். இது என்ன பாட்டு என்று கேட்டாள். சீப்புப் பாட்டு என்றாள் ஒருத்தி, இதுகூடத் தெரியாதா என்கிற தோரணையில். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பெரிய வகுப்பு அக்காக்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிறவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிடுமாம். வரிசையில் கடைசியில் நிற்கிறவர்களுக்குத்தான் அதிர்ஷ்டமாம்.

"எதுக்கு மனப்பாடம் பண்றீங்க? தெரியறதச் சொல்ல வேண்டியதுதானே?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று கண்ணால் ஒரு பேச்சு நடந்தது. பிறகு சின்னவள் சொன்னாள்: "தப்பாச் சொன்னா கண்ணுக்குள்ள ஊசி போடுவீங்களாமே."

நர்ஸ் எழுந்து உள்ளே போனாள். டாக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, அடுத்த வகுப்பைத் தன் வழியில் விடவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். டாக்டர் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். சாயங்காலத்துக்குள் முடியாது என்றார். முடியாவிட்டால் நாளையும் நாளை மறுநாளும் வருகிறேன் என்றாள்.

அடுத்தது நாலாம் வகுப்பு. வரிசையை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். உள்ளங்கையால் கண்ணைப் பொத்தினால் விரல் இடுக்கு வழியாகப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. இவ்வளவு நாள் அதையும் கண்டுகொள்ளவில்லை. இப்போது தடித்த அட்டையை வெட்டிக் கைக்குட்டையால் கட்டினாள். வழக்கமாக வலது கண் முதலில், இன்று இடது. பிள்ளையைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, வலது கண்ணைக் கட்டி, அதன் பிறகு பலகையைத் தலைகீழாக மாட்டினாள். பெரிய சீப்பு அடிக்குப் போயிற்று, பொடிச் சீப்புகள் உச்சிக்கு வந்தன. மேலே இருந்தது கீழே ஆயிற்று, வலம் இடமாயிற்று. பார்த்துச் சொல்கிறவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பாடிச் சொல்கிறவன் மாட்டிக்கொள்வான்.

முதல் பதினொரு பிள்ளைகள் பார்த்துச் சொன்னார்கள். பன்னிரண்டாவது பையன் பாடினான். அவன் அட்டையைத் தனியாக வைத்தாள். பதினேழாவது பெண் பாதி பார்த்து, பாதி பாடினாள். அதையும் தனியாக வைத்தாள். கிளி இருபத்து மூன்றாவது.

கிளிக்கு அத்தையைப் பள்ளிக்கூடத்தில் பார்ப்பதில் ஒரு வெட்கமும் கர்வமும் உண்டு. மற்றப் பிள்ளைகள் நர்ஸம்மா என்று கூப்பிட, அவள் மட்டும் எதுவும் கூப்பிடாமல் வந்து நிற்பாள். நர்ஸ் அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். கண்ணைக் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பலகையை மாட்டி, பிள்ளையைத் திருப்பினாள்.

கோலால் உச்சி வரியைத் தொட்டாள். கிளி தாடையை லேசாக உயர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கும் குரலில் சொன்னாள். மேல, வலது, கீழ, கீழ, இடது. ஒன்றுகூடச் சரியில்லை.

நர்ஸ் கோலை அடுத்த வரிக்கு இறக்கினாள். பிள்ளை கொஞ்சம் தயங்கிவிட்டு, மறுபடி மேல, வலது என்று ஆரம்பித்தது. கோல் இறங்கிக்கொண்டே வந்து, அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த ஒற்றைப் பெரிய சீப்பில் நின்றது. கிளி வெகுநேரம் பார்த்தாள்.

"கோலு எங்க இருக்கு அத்தை?" என்றாள்.

நர்ஸ் கோலைக் கீழே வைத்தாள். கட்டை அவிழ்த்து இடது கண்ணில் கட்டினாள். கிளி பலகையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஐய, தலைகீழா மாட்டியிருக்கீங்க" என்றாள். கேட்காமலேயே உச்சி வரியை வலது, மேல, மேல, இடது, கீழ என்று தப்பில்லாமல் படித்தாள். படித்து முடித்த பிறகுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு மெல்ல வடிந்தது. "முன்னாடி சொன்னது தப்பா? ஊசி போடுவீங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்றார். பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார். கண்ணில் புரையோ புண்ணோ இல்லை. இடது கண்ணில் பவர் குறை அதிகம். சின்ன வயதிலிருந்தே கலங்கலாகத் தெரிந்ததால் மூளை அந்தக் கண்ணை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. சோம்பேறிக் கண் என்பார்கள். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடிவைத்தால், ஒதுக்கிய கண் வேலை செய்யப் பழகும். நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

"முழுசா வந்துடுமா சார்?"

"வயசு என்ன?"

"ஒன்பது முடியப் போகுது."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அஞ்சு ஆறு வயதில் பிடித்திருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும் என்றார். இப்போது கொஞ்சம் வரும். எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் கிளியின் அட்டையை எடுத்துப் பார்த்தார். ஒன்றாம் வகுப்பு: ஆறுக்கு ஆறு. இரண்டாம் வகுப்பு: ஆறுக்கு ஆறு. மூன்றாம் வகுப்பு: ஆறுக்கு ஆறு. மூன்றும் நர்ஸின் முத்து முத்தான கையெழுத்து; கீழே அவருடைய கிறுக்கல் கையெழுத்து.

"பழச எதுக்குக் கிளறணும்? கண்ணு இந்த வருஷம்தான் கெட்டுதுன்னு வீட்டுல சொல்லிடு. யாரு கேக்கப் போறா? கேக்கறவங்களுக்கும் இதுல ஒண்ணும் கெடைக்காது" என்றார். அவர் கெட்ட மனிதரில்லை. அவள் அந்த வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துதான் சொன்னார்.

வீடு போகும் வழியெல்லாம் அவர் சொன்னது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. கிளிக்கு வேண்டியது கண்ணாடியும் மருத்துவமும். அது எப்படியும் கிடைக்கப்போகிறது. கெட்டது இந்த வருஷம் என்றால் என்ன, ஆறு வயதில் என்றால் என்ன? ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளைகள் தலையில் பேன் பார்த்தே பதினான்கு வருடம் ஓடிவிட்டது. வீட்டில் ஒரு பிள்ளை ஒற்றைக் கண்ணோடு தட்டுத் தடுமாறி வளர்ந்திருக்கிறது. தெருமுனையில் கிளி அவள் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடி, நடைபாதைக் கல்லின் உயரம் தெரியாமல் தடுக்கி, விழாமல் சமாளித்தாள். உடனே திரும்பிப் பார்த்தாள், அத்தை கவனித்தாளா, திட்டு விழுமா என்று.

அண்ணி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் அட்டையை மேசையில் வைத்து, நின்றுகொண்டே சொன்னாள். முதலில் நோயைச் சொன்னாள். பிறகு ஆஸ்பத்திரியைச் சொன்னாள். அண்ணி கத்தியை வைத்துவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையை எடுத்தாள். கட்டங்களின் மேல் விரல் போயிற்று.

"இதுல எல்லா வருஷமும் நல்லா இருக்குன்னுதானே போட்டிருக்கே. அப்ப இப்பத்தான் வந்துதா?"

சொல்வதற்கு ஒரு சொல் போதும். ஆமா என்றால் முடிந்தது. நர்ஸ் வாயைத் திறந்தாள்.

"இல்ல அண்ணி. அப்பவே இருந்திருக்கு. நான் பாத்த முறை தப்பு. அவ பலகையப் பாக்கல, மனப்பாடமாச் சொல்லியிருக்கா. நான் கவனிக்கல."

அண்ணி விரலை ஒன்றாம் வகுப்புக் கட்டத்தில் வைத்தாள். "இது எழுதறப்ப அவளுக்கு ஆறு வயசு."

"ஆமா."

"அப்ப கண்டுபிடிச்சிருந்தா?"

"பெரும்பாலும் சரியாகியிருக்கும்."

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. அண்ணி அதைப் போய் அணைக்கவில்லை, நர்ஸ்தான் அணைத்தாள். அண்ணி கிளியைக் கூப்பிட்டாள். பிள்ளையைத் தன் முழங்காலுக்கு இடையில் நிறுத்தி, அதன் வலது கண்ணைத் தன் கையால் அழுத்திப் பொத்தினாள். நர்ஸ் சொன்னதையோ, டாக்டர் சொன்னதையோ நம்பி அல்ல. தானே பார்க்க வேண்டும். மற்றக் கையை நீட்டி இரண்டு விரலைக் காட்டினாள்.

"எத்தனை?"

கிளி உற்றுப் பார்த்தாள். அம்மாவின் முகம் இருந்த திசையை ஒரு தடவை பார்த்தாள், அங்கிருந்து விடை கிடைக்குமா என்று. "மூணு" என்றாள். குரல் மேலேறி, கேள்வி போல முடிந்தது.

அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு, மடங்கியிருந்த மூன்றாவது விரல் மெல்ல நிமிர்ந்தது. "மூணுதான்டா, சரிதான்" என்றாள் அண்ணி.

நர்ஸுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. போய், அண்ணியின் அந்த விரலைப் பிடித்து மடக்கினாள். அண்ணி கையை உதறப் பார்த்தாள். அவள் விடவில்லை.

"ரெண்டு விரல்தான், கண்ணு. நீ சொன்னது தப்பு. தப்பாச் சொன்னா பரவாயில்ல. ஊசி எல்லாம் இல்ல. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலயும் தெரியலேன்னா தெரியலேன்னுதான் சொல்லணும். பாடக் கூடாது."

கிளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா அழுவது வெங்காயத்துக்கா வேறெதற்கா என்று அவளுக்குப் புரியவில்லை. "தெரியல" என்றாள், சொல்லிப் பார்ப்பது போல. அண்ணி பொத்திய கையை எடுத்து, அதே கையைப் பிள்ளையின் உச்சந்தலையில் வைத்தாள். குட்டிக் குட்டிக் காய்த்துப்போன இடத்தைத் தேடுகிறவள் போல முடிக்குள் விரலை விட்டு அளைந்துகொண்டே இருந்தாள்.

பிள்ளையை விளையாட அனுப்பிய பிறகு அண்ணி எழுந்து முகம் கழுவினாள். காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். ஏழரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும், நான் லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள் நர்ஸ்.

"நீங்க வர வேணாம். நானும் அவ அப்பாவும் கூட்டிட்டுப் போறோம்."

எட்டு வருடத்தில் அண்ணி அவளை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

நர்ஸ் தலையாட்டினாள். எந்த வாசல், எந்தப் பிரிவு, முதலில் யாரைக் கேட்க வேண்டும், கண்ணில் சொட்டு மருந்து விட்டால் ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள் என்பதை எல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். அண்ணி நடுவில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எழுதிக் குடுத்துடுங்க. உங்க வாய்ச்சொல்ல வச்சுத்தான் இவ்வளவு நாள் பிள்ளைய அடிச்சேன்."

நர்ஸ் மேசையில் உட்கார்ந்தாள். கிளியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு எழுதினாள். ஐந்தாவதாக, பழைய அட்டையையும் டாக்டரிடம் காட்டவும், அதிலுள்ள மூன்று வருடக் குறிப்பும் தவறு, எழுதியவள் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளை நீட்டினாள்.

அண்ணி வாங்கி, சன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்றாவது வரியில் நின்று, இந்தப் பிரிவு மாடியிலா கீழேயா என்று கேட்டாள். கீழே என்று நர்ஸ் சொன்னாள். அண்ணி பேனாவை அவள் பக்கம் தள்ளினாள், அதையும் எழுது என்பது போல.